சாப்பாட்டு மணி

முள்ளம்பன்றி அம்மா மகன் சிலும்பனைப் பள்ளிக்குள் அனுப்பிவிட்டு வேலியோரமே உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போவானேன், எப்படியும் கூப்பிட்டு அனுப்பத்தானே போகிறார்கள்? பயந்துவிட்டால் அவனுக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொள்ளும், வால் சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் தாங்காமல் இரண்டு பள்ளிகளில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தப் பள்ளியோ சட்டென்று பயப்படுகிற, கோபப்படுகிற குட்டிகளுக்கென்றே நடப்பது. இதையும் விட்டால் போக்கிடம் இல்லை.

லீவு முடிந்து முதல் மணி 'டணார்' என்று அடித்தது. முயல்குட்டி குழி பறித்து உள்ளே போனது. குரங்குக்குட்டி பலகையைக் கடித்தது. சிலும்பன் சிலிர்த்து நின்றான். அம்மா பதறிப்போய் டீச்சரைத் தேடினாள். எறும்புதின்னி டீச்சரும் பந்தாகச் சுருண்டு கிடந்தார்!

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெல்லத் தலையை நீட்டினார். "எனக்கும் இந்த மணி ஆகவே ஆகாது. கழட்டிடுவோமா?"

குரங்குக்குட்டி ஒரே தாவாகத் தாவி மணியைக் கழற்றி வைக்கோலில் போட்டது.

உச்சிவெயிலில் அம்மா சற்றே கண்ணயர்ந்தபோது உள்ளேயிருந்து சடசடவென்று சத்தம் வந்தது.

"ஐயோ, ஆரம்பிச்சிட்டான்!" என்று வாசலுக்கு ஓடினாள். "மன்னிச்சிடுங்க டீச்சர், இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்!"

"நல்லா இருக்கே! அப்புறம் எங்களுக்குச் சாப்பாட்டு மணி யார் அடிக்கிறது?" என்றார் டீச்சர்.

அவருக்குப் பின்னால் குட்டிகளெல்லாம் தூக்குச்சட்டியோடு கூச்சலிட்டு ஓடிவந்தன. எல்லோருக்கும் முன்னால் சிலும்பன் வாலை ஆட்டி ஆட்டி வந்தான். முதுகில் ஒரு முள்கூட நட்டுக்கொண்டிருக்கவில்லை.