முதல் கவளம்

துறைமுகத்துக்கு எதிர்வீட்டில் மூக்காயி என்ற காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் இலையில் கை வைக்கமாட்டார்கள். "எனக்கு அப்புறந்தான் மனுசங்களுக்கே சாப்பாடு" என்று அவளுக்கு ஏகப்பட்ட தலைக்கனம்.

அன்றைக்கு மாடிச் சுவரில் வைத்த பருப்புச் சோற்றில் அவள் அலகை வைத்த நேரம் பார்த்து, கரையணைந்த கப்பல் ஒன்று சங்கு ஊதியது. பதறியதில் சோற்றின்மேல் இருந்த அப்பளம் தெருவில் விழுந்தது. ரோஷத்தோடு பறந்துபோய்க் கப்பலின் மேல்தளக் கம்பியில் உட்கார்ந்தாள்.

"ஏய்யா, சாப்பிடுற நேரத்துல இப்படியா கத்துவ? என் அப்பளமே போச்சு. உன்னால இந்த ஊருக்கு என்ன புண்ணியம்?"

"கோவிச்சுக்காத தாயி. இருபது நாளா புயலும் அலையும். கரையைக் கண்டதும் வாய் சும்மா இருக்கல" என்றது கப்பல். "அலகுல என்ன, பருப்பா? கொஞ்சம் என் வயித்துக்குள்ள எட்டிப் பாரு."

மூக்காயி குனிந்தாள். துவரை மூட்டைகள், அடியே தெரியவில்லை. அவள் தெருவையே உள்ளே இறக்கினாலும் இடம் மிஞ்சும்.

"ஆப்பிரிக்காவுல ஏத்துனது. போன தடவை கொண்டாந்ததத்தான் உடைச்சு உனக்குப் பருப்பா வச்சிருக்காங்க. அப்பளம் பொரிச்ச எண்ணெய், மலேசியாவுலேருந்து இன்னொரு கப்பல்ல வந்துச்சு."

மூக்காயி கடலைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான். இன்றைக்கு அது முடியவே மாட்டேன் என்றது.

மறுநாள் சோறு வந்ததும் அவள் வாய் வைக்கவில்லை. முதல் கவளத்தைக் கவ்விக்கொண்டு போய்க் கப்பலின் முகப்பில் வைத்தாள். பிறகு, அடிவானத்தில் காத்து நின்ற கப்பல்களைப் பார்த்து, சொந்தபந்தத்தைக் கூப்பிடுகிற அதே குரலில் கரைந்தாள்.