பின்னங்கால்

சிலந்தியை மல்லாக்கக் கிடத்தி, அதன் வயிற்றிலிருந்து மோட்டாரால் நூல் இழுத்துக்கொண்டிருந்தாள் ஆய்வாளர் ஜெசிந்தா. அறுந்த நரம்பைத் தைக்க அந்த நூல் உதவும் என்று ஆய்வகம் நம்பியது. ஊசிப் பிடியிலிருந்து நழுவிய ஒரு பின்னங்கால் நூலைப் பற்றி அறுத்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடியும் அறுத்தது.

"பாக்க ஆளுங்க வந்துட்டாங்க. அந்தக் கால வெட்டிடும்மா" என்றார் இயக்குநர் குணாளன்.

"மாட்டேன் சார். அது வேணாங்குது."

"பூச்சியா சொல்லுது?"

"அப்ப நான் சொல்றேன்னு வச்சுக்கங்க."

"வேலை போயிடும்."

ஜெசிந்தா மோட்டாரை நிறுத்தினாள். மற்ற கால்களை அழுத்தியிருந்த ஊசிகளை நிதானமாகப் பிடுங்கினாள். சிலந்தி புரண்டு எழுந்து அவள் கைமேல் ஏறியது. கதவு திறந்து விருந்தினர்கள் நுழைந்தபோது, அவள் நீட்டிய விரலிலிருந்து தானாக நூல் விட்டு அது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை மடக்கவில்லை.