காது சொறிந்த சாமியார்

மடத்துப் புத்தக அறையில் செம்பி என்ற நாய் தன் குட்டிகளை நக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி கொட்டியது. அந்த மடத்தில் பேசக் கூடாது, எல்லாம் சைகைதான். வேற்று சாமியைக் கும்பிட்ட பழங்காலப் புலவரின் புத்தகம் வேண்டுமென்றால், நாய் மாதிரி காதைச் சொறிய வேண்டும். பாவம், செம்பிக்கு அது தெரியாது. பெரிய சாமியார் வந்து, புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் முன் நின்று காதைச் சொறிந்தார்.

"போச்சுடி! உன் உண்ணி அவருமேல ஏறிடுச்சு. இன்னைக்கே உங்களைப் பனியில தள்ளிடுவாங்க," என்றது அலமாரி மேல் படுத்திருந்த பூனை.

செம்பி ஓடி ஒளிய ஒரு குட்டியைக் கவ்வினாள். அதற்குள் சாமியார் கேட்ட புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். படித்தபடியே அவள் காதைச் சொறிந்துவிட்டார்.

செம்பி குட்டியைக் கீழே விட்டாள்.

"பாத்தியாக்கா, தனக்கு அந்த அரிப்பு அரிக்கையிலும் எனக்குச் சொறியிறாரு! இரு, நானும் அவரு காதைக் கொஞ்சம் நக்கி..."

"அம்மா, பசிக்குது!" என்றது கடைக்குட்டி.