ஒரே புட்டி எண்ணெய்

லேபர் கேம்ப் பேட்டையில், பட்டறை வாசலில் ஜனவரி வெயில் இன்னும் தரையைத் தொடவில்லை; இந்திக்காரர்களைப் போல நாங்களும் தண்டி என்று சொல்லும் குளிர் விடவில்லை. மெக்கானிக் வெயிலுமுத்து, ஞானசீலனின் மோட்டார் சைக்கிளில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுக் கையை எடுக்கிறார். அது முறுக்கிய இடத்திலேயே நிற்கிறது. போன வாரம் காலையில் இப்படி நின்றதில்தான் ஞானசீலன் சுவரில் மோதினான். கடைகளுக்குப் போர்டு எழுதும் அவனுடைய வலது கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொங்குகிறது. இரண்டு மாதம் பிரஷ் பிடிக்க முடியாது. வெயிலுமுத்து கேபிளுக்குள்ளிருந்து கம்பியை உருவுகிறார். கம்பி நெடுக வெள்ளையாக ஏதோ உறைந்து ஒட்டியிருக்கிறது. மோந்து பார்க்கிறார். "தேங்கா எண்ணெய்லா இது. இந்தத் தண்டியில உறையாதா? எந்தப் புத்திசாலி ஊத்துனான்?" அந்தப் புத்திசாலி நான்தான். கேபிள் இறுக்கமாக இருக்கிறது என்று ஞானசீலன் சொன்ன அன்றே, அவனைக் கேட்காமல் ஊற்றினேன். தலைக்கும் தாளிப்புக்கும் கதவுக் கீலுக்கும் ஒரே புட்டி வைத்திருப்பவனுக்கு மோட்டார் மட்டும் என்ன விதிவிலக்கு? ஒரு வாரமாக அவனோடு சேர்ந்து நானும் வண்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது சொல்லிவிடத்தான் வாயைத் திறக்கிறேன். "என்ன தண்டி பாரும்" என்று வருகிறது. ஞானசீலன் குனிந்து கம்பியை முகர்கிறான். நிமிர்ந்து, படிய வாரிய என் தலையைப் பார்க்கிறான். "ஒம் மண்டை வாசம்லா அடிக்கி, சுயம்பு."  பிறகு இடது கையால் சட்டைப்பையைத் துழாவிச் சீப்பை எடுத்து என்னிடம் நீட்டுகிறான். "வாரி விடுலே. எனக்குத்தான் கை இல்லயே. எண்ணெய் மட்டும் வைக்காத."