ராட்டினத்தில் ஆறு வயது

பழைய நினைவுகளை மறுபடி வாழவைக்கும் நினைவுக்கூடத்துக்குள் அம்மா போய் ஏழு மணி நேரம் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. இந்த வாரத்தில் இது நான்காம் முறை. எப்போதோ இடித்துவிட்ட கேளிக்கைப் பூங்கா அவளுக்கு அங்கே திரும்பக் கிடைக்கிறது. வாசலில் காத்திருந்து காத்திருந்து மஞ்சரிக்குப் பொறுமை போய்விட்டது.

தான் தைத்த துணிப்பொம்மையை அணைத்தபடி அம்மா வெளியே வந்தாள். "ஆறு வயசு உனக்கு. ராட்டினத்துல என் மடியில உக்காந்து அப்படிச் சிரிச்சேடி."

"எனக்கு முப்பத்தாறும்மா. வீட்டுக்குப் போலாம்."

"நாளைக்கும் வரணுமே. இதெல்லாம் நிஜமா நடந்ததுன்னு நீ விரல் வச்சாத்தான் இனிமே உள்ள விடுவாங்களாம்."

கூடத்தின் பணிப்பெண் கைரேகைப் பலகையை நீட்டினாள். மஞ்சரியின் விரல் அதைத் தொடாமல் நின்றது.

"வையேன்டி. என்ன யோசனை?"

"நான் ராட்டினத்துல ஏறவே இல்லம்மா. இதே மாதிரி ஒரு பொம்மையக் கையில குடுத்துட்டு நீ மட்டும் ஏறிப் போனே. நான் கீழ அழுதுக்கிட்டு நின்னேன்."