கறுப்புக் கண்ணாடி

மொன்றியல் கோட்-தே-நேஜ் வீதியில் இருந்த தன் ஸ்டூடியோவில், பாலேந்திரன் கணினித் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். எல்லாம் அலாஸ்காவில், கப்பலிலிருந்து இறங்கிப் பஸ்ஸில் மலைக்குப் போன அன்று எடுத்தவை. ஒவ்வொன்றிலும், இப்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மணிவாசகமும் மனைவி வசந்தகுமாரியும் சேர்ந்து நின்றார்கள்.

“பனியாற்றுக்கு முன்னால நிக்கிற இந்தப் படம் நல்லாயிருக்கு அண்ணை. கலியாண நாளுக்கோ?”

“இல்லை.”

“ஆர் எடுத்தது? கை கொஞ்சமும் ஆடேல்லை.”

“மகள். வேலை கிடைச்சவுடன எங்களைக் கூட்டிக்கொண்டு போனவள்.”

“அப்ப இதையே பெருசாக்கிறன். அக்காவும் வடிவாச் சிரிக்கிறா.”

“எங்களை ரெண்டு பேரையும் வெட்டிவிடுங்கோ தம்பி,” என்றாள் வசந்தகுமாரி.

பாலேந்திரன் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, படத்தில் கணவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியின் மேல் விரலை வைத்தாள். அதற்குள், பஸ்ஸுக்கு முன்னால் கமராவை நீட்டிப் பிடித்தபடி அரிசியளவில் ஓர் உருவம் தெரிந்தது.

“இவளை மட்டும் பெருசாக்குங்கோ. ஞாயிறு அவளின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, மாலை போடப் படம் வேணும். தன்னை எடுக்க ஒருநாளும் விடமாட்டாள். பாஸ்போட் படம் இருக்கு, அதில பிள்ளை சிரிக்கேல்லை. இதில சிரிக்கிறாள்.”