மீதியில்லாத வரிசை

சிறப்பு விருந்தினர் வருவதற்குள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பிள்ளைகளையும் அணிவகுப்புக்கு நிறுத்தியாக வேண்டும். ஒரு பிள்ளையையும் விடக்கூடாது, ஒரு வரிசையிலும் ஓட்டை தெரியக்கூடாது என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. பி.டி. மாஸ்டர் தங்கையா பத்துப் பத்தாக நிறுத்தினார். ஏழு பேர் மிஞ்சினார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாக நிறுத்தினார். ஒரு சிறுமி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தனியாக நின்றாள். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அது பகா எண் சார், எப்படி நிறுத்தினாலும் மிஞ்சத்தான் செய்யும்," என்றார் கணக்கு டீச்சர் பூங்கோதை. "ஒரே வரிசையா விட்டாத்தான் உண்டு." விட்டார். வரிசை கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. அங்கே வரிசையைக் கண்ட சனம் என்ன ஏதென்று கேட்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டது. இருவரும் வால்வரைக்கும் ஓடினார்கள். "பதினோரு பேர் சேர்ந்திருக்காங்க சார்! ஆயிரத்தெட்டு! பன்னிரண்டு பன்னிரண்டா அம்சமா நிக்கும்!" என்று டீச்சர் துள்ளினார். வேட்டி கட்டியவர்கள் நின்றால்தான் என்ன என்று தங்கையா விசிலை வாயில் வைத்தார். அப்போது, வழி கிடைக்காமல் நின்ற காரிலிருந்து இறங்கிய சிறப்பு விருந்தினர் நேராக வரிசையின் கடைசியில் போய் நின்று, முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார்: "என்ன குடுக்கறாங்க?" தங்கையா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆயிரத்தொன்பதும் பகா எண்தான் சார்."